தீப்புண்ணும் பிறர் இரத்தமும்

இரத்தம் என்னும் சொல்லை நம்மவர் எடுத்தாளும் வகையைக் கவனித்தால், அஃது ஓர் உடற்பொருளின் பெயராக வழங்குவதைக் காட்டிலும் ஓர் உரிமையின் பெயராகவே வழங்கி வருவது விளங்கும். இரத்த பந்தம், இரத்த பாசம், ஒரே இரத்தம் என்றெல்லாம் ஓயாது சொல்லுகிறோம். குலப்பெருமை பேசுவோர்க்கு அதுவே ஆதாரம். பெண் கொடுக்க மறுப்போர்க்கும் அதுவே சாக்கு. வைத்திய சாஸ்திரமோ கடந்த நூறு ஆண்டுகளுக்குள் அதே இரத்தத்தைப் பல கூறாகப் பிரித்து, உலர்த்தி, புட்டியில் அடைத்து, இன்னான் என்று அறியப்படாத ஒருவனுடைய சரக்கை மற்றொருவன் உடலில் ஏற்றி உயிர் பிழைப்பிக்கக் கற்றுக்கொண்டது. அவ்வாறு கற்பதற்குப் பெரிய பள்ளிக்கூடமாக வாய்த்தது தீப்புண்ணேயாகும். அவ்வரலாற்றை இங்குச் சற்று விரித்துக் கூற விரும்புகிறோம்.

ஜொகூர் பாருவைச் சூழ்ந்த தெப்ராவ், ஸ்கூடாய்ப் பக்கத்துத் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. எஞ்சிய தோட்டங்களிலும் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆயினும் தீயின் வேலை குறைந்தபாடில்லை. அக்காலத்தில் ரப்பர்த் தகடுகளை உலர்த்திய புகைவீடும் மண்ணெண்ணெய் விளக்கும் சுட்டன. இக்காலத்தில் செம்பனை ஆலையின் நீராவியும், குடியிருப்பின் கொதிக்கும் குழம்புச் சட்டியும், தீபாவளி வெடியும் சுடுகின்றன. 2016-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் தேதி ஜொகூர் பாரு சுல்தானா அமினா ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே தீப்பற்றி நோயாளிகள் அறுவர் மாண்டதை இவ்வூரார் மறந்திருக்க மாட்டார்கள்.

கிராணி வேலையிலிருக்கும் நாம் விபத்து அறிக்கைப் படிவங்களைப் பூர்த்தி செய்து பழகியவர்கள். யார், எந்நாள், எம்மணி, எவ்வாறு நேர்ந்தது என்று படிவம் கேட்கும், எழுதுவோம். இரண்டாம் வாரத்தில் என்ன ஆயிற்று என்று அது கேட்பதில்லை. தீக்காயத்தின் கதையோ பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில்தான் முடிவாகிறது. முதல் இரண்டு நாள் கடந்துவிட்டால் ஆள் தப்பினான் என்று வீட்டார் மகிழ்வதும், பின்னர்ப் புண்ணில் சீழ் வைத்து, ஜுரம் கண்டு, நினைவு தடுமாறி, அவன் கைவிட்டுப் போவதும் முன்னாளில் வழக்கமான நிகழ்ச்சி. முதல் இரண்டு நாளைக் கடக்க ஒரு மருந்து, பிந்திய நாட்களைக் கடக்க வேறொரு மருந்து என்று தேடியவர்கள் இரண்டுக்குமே இரத்தத்தின் பக்கம் திரும்பினார்கள் என்பதுதான் வியப்பு.

முதலில் முதல் இரண்டு நாளின் கதை. தீயில் வெந்தவன் ஏன் இறக்கிறான் என்பதற்கு, வெந்த சதையில் ஒருவகை நஞ்சு பிறந்து உடலெங்கும் பரவுகிறது என்றே பலர் நெடுங்காலம் விடை கூறி வந்தனர். 1921-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ரியால்டோ என்னும் நாடகக் கொட்டகை எரிந்தது. அங்குக் காயமுற்றோரை ஆராய்ந்த யேல் சர்வகலாசாலைப் பேராசிரியர் பிராங்க் அண்டர்ஹில் என்பார், கொப்புளத்து நீரை எடுத்துச் சோதித்தார். அது வெறும் நீரன்று. இரத்தத்தின் நீர்ப்பகுதியை ஏறக்குறைய ஒத்திருந்தது. தீப்பட்ட இடத்தில் நுண்குழாய்கள் ஓட்டைச் சட்டிபோல் கசிய, இரத்தநீர் வெளியேறிவிடுகிறது. எஞ்சிய இரத்தம் பாகுபோல் தடித்துவிடுகிறது. இருதயம் தள்ளுவதற்குப் போதிய இரத்தம் இல்லாமற் போகிறது. மேனியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெந்தவர்களுக்கு இது பெரிய ஆபத்து. கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் சிந்தி இறப்பதற்கு ஒப்பான சாவு அது.

அப்படியானால் வெளியேறியது எதுவோ அதையே திருப்பி ஊற்றினால் என்ன? இரத்தத்தை அசையாது வைத்தால் சிவப்பணுக்கள் அடியிற் படிய, மேலே வைக்கோல் நிறத்தில் ஒரு நீர் தெளியும். அதனைப் பிளாஸ்மா என்பர். முழு இரத்தத்தில் 100-க்கு 55 பங்கு அதுவே. 1901-இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் இரத்தத்தில் இனங்கள் உண்டு என்று வெளியிட்டபின், ஒருவர் இரத்தத்தை மற்றவர்க்கு ஏற்றுமுன் பொருத்தம் பார்ப்பது இன்றியமையாதது என்பது தெளிவாயிற்று. பலருடைய இரத்தநீரை ஒன்றாகக் கலந்துவிட்டாலோ ஒவ்வொன்றிலுமுள்ள பகைப்பொருள் நீர்த்துப்போய், எவருக்கும் பொருத்தம் பாராமல் ஏற்றக்கூடியதாகிறது. அதனை உலர்த்திப் பொடியாக்கலாம், கப்பலில் ஏற்றலாம், வேண்டும்போது சுத்த நீரில் சில நிமிஷங்களிற் கரைத்துக்கொள்ளலாம். திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நம்மவர் இந்தப் பொருத்தமில்லாப் பொருத்தத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1940-இல் பிரிட்டனுக்கு இரத்தநீர் அனுப்பும் வேலையை நியூயார்க்கில் தலைமை தாங்கி நடத்தியவர் டாக்டர் சார்லஸ் டிரூ. சேமித்த இரத்தத்தைப் பற்றி அவ்வாண்டிலேயே கொலம்பியா சர்வகலாசாலையில் ஆராய்ச்சி நூல் எழுதிப் பட்டம் பெற்றவர். அவர் கறுப்பினத்தவர். அவர் வகுத்துக் கொடுத்த வழியிலேயே நடந்த செஞ்சிலுவைச் சங்கத்தார், 1941-இல் போர்வீரர்க்கு இரத்தம் சேர்க்கத் தொடங்கியபோது கறுப்பரின் இரத்தம் வேண்டாமென்றனர். கண்டனம் எழுந்தபின், 1942 ஜனவரியில் வாங்கிக்கொள்ளச் சம்மதித்து, அதனைத் தனியே சீட்டு ஒட்டி வைத்தனர். இரத்தத்தில் நிற வேற்றுமைக்கு விஞ்ஞான ஆதாரம் ஏதுமில்லை என்று டிரூ எடுத்துரைத்தும் பயனில்லை. அவ்வழக்கம் ஒழிந்தது 1950-இல். அவ்வாண்டு ஏப்ரலிலேயே அவர் மோட்டார் விபத்தில் இறந்துபோயிருந்தார். தனிக்கிணறு, தனிக்குவளை கண்ட நம் நாட்டார்க்குத் தனிப்புட்டியின் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

1941 டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். ஏறக்குறைய அதே வேளையில் ஹாவாயித் தீவின் பேர்ள் துறைமுகத்தையும் தாக்கினர். அத்துறைமுகத்தில் எரியும் எண்ணெயில் வீழ்ந்த மாலுமிகளுக்கு, ஹொனலுலுவில் அவ்வாண்டு அமைந்திருந்த இரத்தநீர்ச் சேமிப்பு கைகொடுத்தது. நம் ஊருக்கு அருகே தாம்போயில், மனநோயாளர்க்கென எழுந்த கட்டடங்களில் ஆஸ்திரேலியரின் 2/13-ஆம் படை ஆஸ்பத்திரி நடந்ததும் அந்நாட்களிலேதான். 1942 ஜனவரி இறுதியில் அது தீவுக்குப் பின்வாங்கிற்று. சிலநாளில் பாலமும் தகர்க்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 28-இல் பாஸ்டன் நகரில் கோகனட் குரோவ் என்னும் கேளிக்கைக் கூடம் எரிந்து 492 பேர் மாண்டனர். போருக்கென்று சேமித்திருந்த இரத்தநீரை அங்கு ஊர் மக்களுக்கே தாராளமாக ஏற்றினார்கள். தீப்புண்ணின் முதல் இரண்டு நாளை வெல்லலாம் என்னும் நம்பிக்கை உலகெங்கும் பரவியது அதன் பின்னரே.

ஆனால் பலருடையதைக் கலப்பதில் ஒரு தீங்கும் ஒளிந்திருந்தது. கலந்தவருள் ஒருவருக்குக் காமாலைக் கிருமி இருந்தால் புட்டி முழுவதும் கெட்டது. 1942-இல் மனித இரத்தநீர் சேர்த்துச் செய்த மஞ்சட்காய்ச்சல் தடுப்பூசியினால் அமெரிக்கப் படையில் ஏறக்குறைய 50,000 பேர் காமாலை கண்டு படுக்கையில் வீழ்ந்தனர். கலப்பு இரத்தநீரின் மீதிருந்த மோகம் இதனால் தணிந்தது. பின்னர் 1968-இல் டெக்ஸாஸ் நாட்டு டாக்டர் சார்லஸ் பாக்ஸ்டர், நோயாளியின் எடையையும் வெந்த பரப்பையும் கணக்கிட்டு உப்புநீர்க் கரைசலையே போதிய அளவு ஏற்றினால் முதல் நாளைக் கடத்திவிடலாம் என்று நிலைநாட்டினார். ஆயிரக்கணக்கானோர் கைநீட்டிக் கொடுத்த இரத்தநீரின் இடத்தை, அத்துறையில், மலிவான உப்புநீர் பிடித்துக்கொண்டது. விஞ்ஞானத்துக்குப் பழம்பெருமை பாராட்டும் குணம் கிடையாது.

இனி இரண்டாம் வாரம். தோல் என்பது உடலின் மதில். அது வெந்தபின் அடியிலுள்ள சதை, கிருமிகளுக்குச் சமைத்து வைத்த சோறு. அக்கிருமிகளுள் ஒன்று கட்டுத்துணியில் நீலப்பச்சைக் கறையை உண்டாக்கும். 1882-இல் பிரான்சு தேசத்து மருந்தியலார் கார்ல் கெஸ்ஸார்ட் அக்கறையிலிருந்தே அதனைப் பிரித்தெடுத்தார். சூடோமோனாஸ் என்பது அதன் பெயர். ஈரமுள்ள இடமெல்லாம் அதற்கு வீடு. கைகழுவும் தொட்டியிலும் வாழும். மருந்துகளுக்கு எளிதில் மசியாது. 1940-களில் பர்மிங்ஹாம் விபத்து ஆஸ்பத்திரியில் தீப்புண் பிரிவை அமைத்த லியனார்ட் கோல்புரூக், கிருமி பெரும்பாலும் நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவருவதன்று, ஆஸ்பத்திரியிலேயே தொற்றுவது என்று காட்டினார்; கட்டு மாற்றும் அறைக்குள் வடிகட்டிய காற்றைச் செலுத்தினார். கணப்படுப்புகளுக்குத் தடுப்பு வேண்டுமென்று அவர் ஓயாது வற்புறுத்தியதும் 1952-இல் அந்நாட்டில் சட்டமாயிற்று.

கிருமி நுழையாதிருக்கப் புண்ணை மூட வேண்டும். மூடுவதற்குத் தோல் வேண்டும். மேனியெல்லாம் வெந்தவனிடம் ஒட்டுவதற்குத் தோல் ஏது? பிறர் தோலை ஒட்டினால் ஆகாதா? போர்க்காலத்தில் கிளாஸ்கோவில் தாமஸ் கிப்ஸன், பீட்டர் மெடவர் என்னும் இருவர், தீயில் வெந்த ஓர் இளம்பெண்ணுக்கு அவள் உடன்பிறந்தான் தோலையே சிறு துண்டுகளாக ஒட்டிப் பார்த்தனர். பற்றியது போலிருந்து அழிந்தது. மறுமுறை ஒட்டியபோது இன்னும் விரைவில் அழிந்தது. 1943-இல் அதனை எழுதி வெளியிட்டனர். மெடவருக்கு 1960-இல் நோபல் பரிசு கிடைப்பதற்கு வித்தாக அமைந்தது இவ்வழியில் அவர் செய்த ஆராய்ச்சியே. கூடப்பிறந்தவன் தோலை உடல் ஏற்க மறுக்கிறது. கடல் கடந்து வந்த அந்நியன் இரத்தநீரை ஏற்றுக்கொள்கிறது! உறவுமுறைக்கு உடல் வைத்திருக்கும் கணக்கு நம் கணக்கன்று.

தன் தோலையே ஒட்டும்போது அது நழுவாமல் பற்றுவதற்கும் இரத்தத்திலிருந்தே ஒரு பசை கிடைத்தது. காயத்தில் இரத்தம் உறைவதற்குக் காரணமான நார்ப்பொருளைப் பைபிரின் என்பர். அதன் மூலப்பொருளையும் உறையச் செய்யும் பொருளையும் தனித்தனியே எடுத்துப் புண்மேல் சேர்த்தால், இரண்டும் கூடி நொடியிற் பசையாகும். 1944-இல் அமெரிக்க டாக்டர்கள் அதனைக்கொண்டு தோல் ஒட்டினார்கள்.

அதே ஆண்டுகளில் சயாம் ரயில்பாதையில் நடந்தது நினைவுக்கு வருகிறது. சுங்காய் முகாமில் கைதியாயிருந்த கனடா டாக்டர் மார்கோவிட்ஸ், அழுகும் புண்களாலும் காய்ச்சலாலும் இரத்தம் வற்றிய கைதிகளுக்கு மற்றக் கைதிகளின் இரத்தத்தை ஏற்றினார். உறையாமல் காக்கும் உப்பு அங்குக் கிடைக்கவில்லை. ஆகவே, பாத்திரத்தில் பிடித்த இரத்தத்தைக் கடைந்து, திரண்ட நாரை எடுத்து எறிந்துவிட்டு, வடிகட்டி ஏற்றினார். ஒரு நாட்டில் மருந்தாக எடுத்த பொருள், மற்றோரிடத்தில் உயிர்காக்க வேண்டியே எறியப்பட்டது. அப்பாதையில் மாண்ட, ஜொகூர்த் தோட்டங்களிலிருந்தும் பிடித்துச் செல்லப்பட்ட, நம் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர். அவர்களுடைய முகாம்களில் பெரும்பாலும் டாக்டரே இல்லை; கடைந்து கொடுக்க யார் இருந்தார்கள்?

இரத்தத்தால் தீப்புண்ணின் கிருமியையே நேருக்கு நேர் எதிர்த்த முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது நம் தாய்நாட்டில் நிகழ்ந்தது. டில்லியிலுள்ள ஸஃப்தர்ஜங் ஆஸ்பத்திரி, 1942-இல் அமெரிக்கப் படையினருக்கென எழுந்து, 1954-இல் இந்திய சர்க்கார் கைக்கு வந்தது. அதன் தீப்புண் பிரிவுக்கு வருவோர் தொகை பெரிது. பர்மிங்ஹாமில் கோல்புரூக் அமைத்த பிரிவின் வழிவந்த ஆராய்ச்சியாளர் ஜோன்ஸ், ரோ என்னும் இருவர், அந்தப் பச்சைச் சீழ்க் கிருமியின் பல வகைகளைச் சேர்த்து ஒரு தடுப்பூசி செய்திருந்தனர். ஸஃப்தர்ஜங் டாக்டர் குப்தாவுடன் கூடி அதனை டில்லி நோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்து, 1979-இல் லான்செட் என்னும் பத்திரிகையில் முடிவை வெளியிட்டனர்.

தடுப்பூசி நல்லதே. ஆயினும், ஊசி போட்டபின் உடல் தானே எதிர்ப்பொருளைச் சமைத்துக்கொள்ளச் சில நாள் செல்லும். வெந்தவனுக்கோ நாள்தான் இல்லாத பொருள். அதற்கு அவர்கள் கண்ட வழி யாதெனின், நோயற்ற மனிதர் சிலர் மனமுவந்து அத்தடுப்பூசியைத் தாம் போட்டுக்கொள்வது. அவர்கள் இரத்தத்தில் எதிர்ப்பொருள் நிறைந்தபின் இரத்தநீரை எடுத்து, அதிலிருந்து இம்யூனோகுளோபுலின் என்னும் பகுதியைப் பிரிப்பது. அதனை வெந்தவர் உடலில் செலுத்துவது. சுருங்கச் சொன்னால், ஒருவன் உடல் போருக்குப் பழகிக்கொள்ள, அவன் படைக்கலங்கள் மற்றொருவனுக்குப் போகின்றன. 1980 டிசம்பரில் வெளிவந்த அறிக்கையில், ஊசியோ, இரத்தத்திலிருந்து எடுத்த மருந்தோ பெற்றவர்களிடையே சாவு குறைந்தது என்று கண்டிருந்தது. அந்த இரத்தநீரைத் தந்தவர்கள் பெயரை எவரும் அறியார்.

ஒன்று சொல்ல வேண்டும். இத்தகைய சோதனையில் ஒரு பகுதியார்க்குப் புது மருந்தைக் கொடுத்து, மற்றொரு பகுதியார்க்குக் கொடாமல் ஒப்பிட்டுப் பார்ப்பது முறை. உண்மையை அறிய வேறு வழி இல்லை என்பதை நாமும் ஒப்புகிறோம். ஆனால், மருந்து பிறந்த ஊர் பர்மிங்ஹாமாகவும், ஒப்பிட்டுப் பார்த்த மேனி டில்லியாகவும் இருந்ததேன் என்று கேட்பதும் முறையே. வெந்த மேனிகள் அங்கு மலிந்திருந்தன என்பதே விடை. ஏன் மலிந்திருந்தன? இந்தியாவின் தீப்புண் பிரிவுகளில் கிடந்தவருள் இளம்பெண்கள் மிகுதி. சேலைத் தலைப்பில் அடுப்பு பற்றியது என்று குறிப்பில் எழுதப்பட்டவற்றுள் எத்தனை உண்மை, எத்தனை வரதட்சிணையின் வேலை என்று 1979-இல் டில்லிப் பெண்கள் தெருவில் நின்று கேட்டார்கள். 1986-இல் தண்டனைச் சட்டத்தில் 304-பி என்னும் பிரிவு சேர்ந்தது. கிருமியைத் தடுக்கும் பொருளைப் பிறர் இரத்தத்திலிருந்து எடுக்க முடிந்தது. தீயை வைத்த கையைத் தடுக்க அந்தப் புட்டியில் ஒன்றும் இல்லை.

அவ்வைத்தியம் பின்னர் உலகெங்கும் வழக்கமாக வேரூன்றவில்லை. வெள்ளிச் சத்துள்ள களிம்பும், யூகோஸ்லாவிய டாக்டர் ஸோரா யான்ஸெகோவிச் அம்மையார் 1970-இல் விளக்கி எழுதிய, வெந்த சதையை நாள் கடத்தாமல் சீவி எடுத்து உடனே தோல் ஒட்டும் முறையும் தீப்புண் வைத்தியத்தின் முகத்தை மாற்றின. பைபிரின் பசை இன்றும் அறுவை அறைகளில் உண்டு.

புதிதாகப் பேசப்படுவது தட்டணுக்களைப் பற்றியே. இத்தாலியர் பிஸ்ஸொஸெரோ 1882-இல் விளக்கிய இச்சிறு துணுக்குகள் இரத்தத்தை உறையவைப்பதற்கே உள்ளன என்று எண்ணியிருந்தனர். 1974-இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் ராஸ், அவற்றிலிருந்து வெளிப்படும் ஒரு பொருள் உயிரணுக்களைப் பெருகச் செய்கிறது என்று கண்டார். அதன்பின், நோயாளியின் சொந்த இரத்தத்தைச் சுழற்றித் தட்டணு மிகுந்த பகுதியைத் திரட்டிப் புண்ணில் இடும் முறை வளர்ந்தது. ஆறாத புண்களிலும் தீப்புண்களிலும் அதனைச் சோதித்திருக்கிறார்கள். சிலவற்றில் நன்மை தெரிகிறது, சிலவற்றில் வேற்றுமையில்லை. சில கிருமிகளை அது அடக்கினும், அந்தப் பழைய பச்சைச் சீழ்க் கிருமியிடம் அதன் திறமை செல்லவில்லை என்று 2007-இல் ஓர் ஆய்வு காட்டிற்று. முடி வளர, முகம் மினுங்க என்று இதே சரக்கைப் பட்டணத்துக் கடைமாடிகளில் விற்போர் இவ்வளவையும் எடுத்துச் சொல்லுவதில்லை. தோட்டத்தார் தம் இரண்டு மாதச் சம்பளத்தை அங்குக் கொடுப்பதற்கு முன் சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டரை ஒரு வார்த்தை கேட்பது நலம். தீச்சுட்டால் உடனே செய்ய வேண்டியது 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரைப் புண்மேல் ஓடவிடுவது. பற்பசையும், சோயாச் சாறும், மையும் அன்று.

சென்ற ஆண்டு நம் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் இரத்ததான முகாம் நடந்தது. பெயர் பதியும் மேசையில் நாம் அமர்ந்திருந்தோம். முன்னாள் மண்டோர் ஒருவர், அறுபதைத் தாண்டியவர், தம் மகனை அழைத்து வந்தார். மகனைத் தராசில் நிறுத்தி 45 கிலோவுக்கு மேல் இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டிருக்கையில், அவர் நம்மிடம் குனிந்து, "கிராணி ஐயா, பையன் இரத்தம் யாருக்குப் போகுதுன்னு சீட்டிலே எழுதுவாங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

எழுதுவதில்லை என்றோம். சிவப்பணுக்கள் ஒருவருக்குப் போகும். ஆறு வாரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். தட்டணுக்கள் வேறொருவருக்கு, ஐந்தே நாள் தாங்கும். இரத்தநீரை உறையவைத்தால் ஓராண்டு இருக்கும். அதில் ஒரு பகுதி, இந்நாட்டிலிருந்து பல ஆண்டுகளாக நடந்து வந்ததுபோல், ஆஸ்திரேலியாவுக்குப் போய், ஆயிரக்கணக்கானோர் இரத்தநீரோடு ஒரே தொட்டியில் கலந்து, கிருமி நீக்கப்பெற்று, மருந்தாய்த் திரும்பும். அந்தத் தொட்டியில் சீனர், மலாய்க்காரர், தமிழர், இன்னார் இனியார் என்று பிரிப்பதற்கு வழியே இல்லை.

பெரியவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். "அப்போ திருப்பிக் கேட்கவும் முடியாது" என்றார். பிறகு மகன் சட்டைக் கையைத் தாமே மேலே மடித்துவிட்டு, கட்டிலருகே கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.